ஏழு கிலோமீட்டர் தெற்கே

டிசம்பர் 3, புதன்

வந்து சேர்ந்தாயிற்று. விமானம் எங்களையும் சாமான்களையும் இறக்கிவிட்டு, இன்ஜினைக்கூட அணைக்காமல் திரும்பிப் போய்விட்டது. நாலு பேர், மூன்று கூடாரம், ஒரு பனிவண்டி. கடற்கரை நிலையம் இங்கிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர். மைனஸ் முப்பத்தாறு. உயரத்தால் எல்லாருக்கும் தலைவலி. எனக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

என் மூங்கில் கம்பு அப்படியே நிற்கிறது. இருபத்தொரு வருடம் முன்பு நான் நட்டது. நாலு மீட்டர் கம்பில் இப்போது வெளியே தெரிவது ஒன்றரை மீட்டர். மீதியைப் பனி மூடிவிட்டது. உச்சியில் கட்டிய சிவப்புத் துணி எப்போதோ பறந்துவிட்டது. கையுறையோடு தொட்டுப் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது என்றே எழுதுகிறேன், இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

அண்டார்டிகாவில் நம் நாடு போடப்போகும் முதல் ஆழத் துளை இந்தக் கம்படியில்தான். மூன்று கிலோமீட்டர் பனி. அடியில் பத்து லட்சம் வருடத்துக்கு முன் விழுந்த பனி இருக்கிறது, அதில் அன்றைய காற்று குமிழாக அடைபட்டிருக்கிறது. ஒரே ஒரு துளை. தோண்ட ஐந்து வருடம் ஆகும். பத்தொன்பதாம் தேதி தலைமையகத்தில் குழு கூடி இடத்தை முடிவு செய்கிறது. அதற்கு முன் ஒரு கடைசி ரேடார் ஆய்வு வேண்டுமாம். அதற்குத்தான் நாங்கள். மார்ச்சில் எனக்கு ஓய்வு. துளையை நான் பார்க்கப்போவதில்லை, இடமாவது என்னுடையதாக இருக்கட்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

கூட இருப்பவர்களைப் பற்றி. டாக்டர் குரியன், கோட்டயத்துக்காரர், மருத்துவமும் சமையலும் அவர் பொறுப்பு, இரண்டும் சுமார். ஸ்டான்சின், லடாக்கிலிருந்து வந்தவன், ராணுவத்தில் இருந்தவன். வண்டியும் வயர்லெஸ்ஸும் அவனிடம். தினமும் காலை எட்டு மணிக்குக் கரை நிலையத்தோடு பேசி, வந்த செய்தியை நேரத்தோடு பதிவேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குவான். மழை பெய்தாலும் எழுதுவான் என்று சொல்லலாம், இங்கே மழையே கிடையாது.

நாலாவது பெர்பெத்துவா. தூத்துக்குடி. வயது முப்பத்தொன்று. ரேடார் படங்களைப் படிப்பதில் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குச் சேரன்மாதேவி என்று தெரிந்ததும் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டாள். "நம்ம பக்கத்து ஆளு ரெண்டு பேரு இங்கன வந்து நிக்கோம் பாருங்க சார்" என்றாள். நான் சிரித்துவைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குப் பத்து நிமிடம் சாட்டிலைட் போன். முகாமில் அது ஒன்றுதான், என் கூடாரத்தில் இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது மரியாதை. ஆனால் கூடாரத் துணிக்கு மரியாதை தெரியாது, எல்லாம் கேட்கிறது.

பெர்பெத்துவா அப்பாவிடம் பேசினாள். பெயர் மிக்கேல். மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவராம், இப்போது இதயக் கோளாறோடு வீட்டில். கிழவர் குரல் போனை மீறிக் கேட்டது. எத்தனை மீட்டர், எத்தனை மீட்டர் என்று அதையே கேட்கிறார். பழைய பனித்துண்டைத் தண்ணீரில் போட்டால் உள்ளே அடைபட்ட காற்று படபடவென்று வெடித்து வெளியே வரும். அந்தச் சத்தத்தை அடுத்த ஞாயிறு போனில் கேட்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். முப்பத்தொரு வயதில் இந்தக் கொஞ்சல்.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. பேட்டரி மிச்சம்.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாளாகக் கம்பைச் சுற்றி ரேடார் ஓட்டம். வண்டி நடை வேகத்தில் போகும், பின்னால் சறுக்குப் பலகையில் ரேடார். அது கீழே அனுப்பும் அலை பாறையில் பட்டுத் திரும்பி வரும். அடியில் காய்ந்த பாறை என்றால் மங்கலாக வரும். தண்ணீர் இருந்தால் பளிச்சென்று வரும்.

பளிச்சென்று வருகிறது என்கிறாள்.

தண்ணீர் இருந்தால் என்ன என்று பிற்பாடு நானே மறந்துபோனால் தெரிந்துகொள்ள எழுதுகிறேன். பாறைக்குள் பூமியின் சூடு இருக்கிறது. மேலே இருக்கும் பனி கம்பளி மாதிரி அந்தச் சூட்டை வெளியே விடாது. பனி அளவுக்கு மீறித் தடித்தால் அடிப்பகுதி உருகிவிடும். அடியில் இருப்பதுதான் மிகப் பழையது. ஆக உருகினால் முதலில் போவது நாம் தேடி வந்ததுதான்.

ரேடாரின் அளவைக் கூட்டி வைத்தால் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும், டிவியில் வெளிச்சத்தைக் கூட்டின மாதிரி. அதைத்தான் அவளிடம் சொன்னேன். மூன்று அளவில் வைத்துப் பார்த்துவிட்டாளாம். பிறகு, பவ்யமாகத்தான், ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் காலத்துல தூரத்த சைக்கிள் சக்கரம் வச்சுத்தான அளந்திய சார்? அது எங்கயும் நின்னுச்சா?"

இல்லை என்றேன்.

டிசம்பர் 10, புதன்

தெற்கே ஓட்டிப் பார்த்தாள். கம்பிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளித் தரை காய்ந்திருக்கிறதாம். பனி அடுக்குகளும் பாய் விரித்த மாதிரி கலையாமல் இருக்கின்றனவாம். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னாள். குரியன் கைதட்டினார், அந்த மனுஷனுக்கு எதற்கும் கைதட்ட வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பே இவள் அண்டார்டிகா வந்தவள் மாதிரி பேசுகிறாளே என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். குரியன் சோற்றைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து, பிறகு சாதாரணமாகி, தட்டைக் கழுவ எழுந்து போனாள். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒருநாள் யாராவது செய்ய வேண்டிய காரியம்.

சக்கரத்தைப் பற்றி. வண்டிக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கட்டி இழுத்தோம், அது எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் தூரம் தெரியும். எங்களிடம் வேறு வழி இல்லை. மூன்றாம் நாள் அச்சில் பனி உறைந்து சக்கரம் சுற்றாமல் இழுபட்டது. எப்போது உறைந்தது என்று தெரியாது. நான் சுத்தியலால் தட்டிவிட்டேன், மேற்கொண்டு போனோம். கணக்கில் ஒரு கிலோமீட்டர் சேர்த்துக்கொண்டேன். காய்ந்த தரை நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் என்று எழுதினேன். மறுநாள் எங்கள் அன்றைய முகாமிலிருந்து தெற்கே நாற்பத்தொரு கிலோமீட்டர் சரியாக அளந்து போய்க் கம்பை நட்டேன். வண்டி ஓட்டியவர் இப்போது உயிரோடு இல்லை.

ஒரு கிலோமீட்டர் போதுமானதுதான். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

காலை ஏழரைக்கு ஒரு பழுப்பு ஃபைலோடு வந்தாள். படித்துப் பார்க்கச் சொன்னாள், படித்ததும் பேசலாம் என்றாள். என் அறிக்கையை மறுத்து என்னிடமே கொடுக்கிற தைரியம். மேஜை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மடக்கு மேஜை நாலு நாளாக ஆடுகிறது, கூடாரத்துக்குள் பனித்தரை சூட்டில் இறங்கிவிட்டது. ஃபைலை எடுத்து ஆடும் காலுக்கு அடியில் செருகினேன். சரியான கனம்.

எட்டேகாலுக்கு ஸ்டான்சின் செய்தியோடு வந்தான். கரை நிலையம் சொன்னதை ஒரு வரிகூட விடாமல் எழுதியிருந்தான். பெர்பெத்துவாவின் தந்தை மருத்துவமனையில், நிலை மோசம், மகளைக் கேட்கிறார், பதினைந்தாம் தேதி விமானத்தில் இடம் ஒதுக்கியாயிற்று.

வீட்டிலிருந்து வரும் கெட்ட செய்தி முதலில் தலைவனுக்குத்தான் வரும். எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. மனசு கலங்கிய ஆள் பனியில் ஆபத்து, தனக்கும் பிறருக்கும். இது நான் உண்டாக்கிய விதி அல்ல. ஸ்டான்சினிடம் வாயைத் திறக்காதே என்றேன். சரி சார் என்றான். கையெழுத்துப் போட்டேன்.

பதினைந்தாம் தேதி புறப்பட்டால் பதினெட்டாம் தேதி ஊரில் இருப்பாள். பத்தொன்பது குழு. அந்தப் படங்கள் அவளுடைய கணினியில் இருக்கின்றன. சும்மா தேதிகளை எழுதிப் பார்த்தேன், வேறொன்றுமில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

காற்று. யாரும் வெளியே போகவில்லை. சீட்டாட்டத்தில் அவள் ஜெயித்தாள்.

டிசம்பர் 13, சனி

சொல்லியாயிற்றா என்று ஸ்டான்சின் கேட்டான். இன்னும் இரண்டு ரேடார் கோடு ஓட்ட வேண்டியிருக்கிறது, முடியட்டும் என்றேன். விமானம் திங்கள் வருகிறதே என்றான். எனக்குத் தெரியும் என்றேன். அப்புறமும் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய அம்மா இறந்தபோது அவன் எல்லைக் காவலில் இருந்தானாம், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்களாம். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை சார் என்றான். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

போனின் கேபிளில் விரிசல் என்று சொல்லிவிட்டேன். இந்தக் குளிரில் கேபிள் விரிசல் விடுவது சகஜம். குரியனுக்கு வருத்தம், மகளுக்கு இன்று பிறந்தநாள். அதற்கு நான் வருந்துகிறேன்.

பெர்பெத்துவா ஒரு எவர்சில்வர் டம்ளரில் பனித்துண்டும், ஃபிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துக்கொண்டு கூடாரத்து வாசலில் நின்றாள். சின்னத் துளைக்கருவியால் கீழே நூறு மீட்டரிலிருந்து எடுத்த துண்டாம், ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்குமாம். போன் இல்லை என்றதும் டம்ளரைப் பார்த்தாள். "அப்பா கிடந்து தவிப்பாவ சார், ஞாயித்துக்கிழமைன்னா காலைலயே மொகத்தக் கழுவிட்டு உக்காந்திருவாவ" என்றாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கேபிளைத் தானே சரிசெய்து தருகிறேன் என்றாள், மெக்கானிக் மகள் அல்லவா. வேண்டாம் என்றேன்.

பனித்துண்டைத் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

விமானம் வந்தது. எரிபொருள் பீப்பாய் இருபது. பெர்பெத்துவாதான் முன்னால் நின்று உருட்டினாள், சளைக்காத பெண். விமானி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு பயணி உண்டாமே என்று கேட்டான். அது ரத்து என்றேன். ஸ்டான்சின் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான், விமானம் போகும்வரை வெளியே வரவில்லை.

அவள் இரண்டு கையையும் தூக்கி விமானத்துக்கு டாட்டா காட்டினாள். ஒரு இருக்கை காலியாகத்தான் போயிற்று.

டிசம்பர் 16, செவ்வாய்

கேபிள் சரியாகிவிட்டது. அறிக்கையை அனுப்பினேன். கம்படியில் காய்ந்த தரை, முந்தைய ஆய்வு உறுதியாகிறது. இளம் உறுப்பினர் ஒருவர் கண்ட பளிச்சென்ற எதிரொலி அளவைக் கூட்டி வைத்ததால் வந்த பிழை. இரண்டு பக்கம். எழுத அரைமணி நேரம்தான் ஆயிற்று. இப்படிப்பட்டதை எழுதக் கை கூசும் என்பார்கள். கூசவில்லை.

போன் சரியானதை மற்றவர்களிடம் சொல்லவில்லை. ஞாயிறு வரட்டும்.

டிசம்பர் 17, புதன்

எட்டு மணிச் செய்தி. அதிகாலை நாலுக்கு மிக்கேல் காலமானார். கையெழுத்துப் போட்டேன்.

மதியம் அரிசியும் பருப்பும். பெர்பெத்துவா ஊறுகாய் பாட்டிலின் அடியைச் சுரண்டி எனக்குத்தான் முதலில் வைத்தாள்.

டிசம்பர் 18, வியாழன்

இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. போக முடியாது, அடுத்த விமானம் இருபத்தொன்பது. நாளை குழு. ஒரு நாளில் ஒன்றும் மாறாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று பார்த்தால், குழுவில் யாராவது சக்கரத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்றுதான். அந்தப் பெண்ணைப் பற்றிய பயம் அல்ல. இதை எழுதிய பிறகு அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனா மை உறைந்துவிட்டது, இப்போது பென்சில். கிடக்கட்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

மாலை நாலு மணிக்கு அழைத்தார்கள். கம்படிதான். ஒருமனதான முடிவு. வாழ்த்துச் சொன்னார்கள். துளைக்கருவி ஏற்றிய கப்பல் ஜனவரி நாலில் புறப்படும்.

ஒளித்துவைத்திருந்த பாதாம் அல்வா டப்பாவைத் திறந்தேன். உறைந்துபோயிருந்தது, சுத்தியலால் உடைத்து நாலு பேருக்கும் கொடுத்தேன். பெர்பெத்துவா என் கையைப் பிடித்து வாழ்த்தினாள். ஃபைலைப் படித்தீர்களா என்று கேட்டாள். படித்தேன், பார்ப்போம் என்றேன். ஸ்டான்சின் இனிப்பு சாப்பிடுவதில்லையாம்.

டிசம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, இப்போதுதான் செய்தி வந்தது என்றேன். விதிப்படி செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். குரியனை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தேன், மயக்கம் போட்டால் பிடித்துக்கொள்ள.

மயக்கம் போடவில்லை. "எப்பம்?" என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை என்றேன். பனிவண்டியில் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று அனுமதி கேட்டாள். ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுவிட்டாள். எங்கும் போகவில்லை. ஒரு மணி நேரம் வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் வீண்தான்.

குரியன் வந்து, செய்தி இன்றைக்குத்தானே வந்தது என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பத்து நிமிடம் எல்லாம் பார்க்கவில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசச் சொன்னேன். வெளியே நின்றேன். அடக்கம் வியாழனே முடிந்துவிட்டது. அண்ணன்காரன் அழுகிறான். இவள் அழவில்லை, கேள்விதான் கேட்டாள். எப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள்.

"பதினொண்ணாந் தேதியேவா சொன்னிய?" என்றாள்.

அவன் ஏதோ சொன்னான். சரிண்ணே, சரிண்ணே என்றாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வெளியே வந்து போனை என் கையில் கொடுத்தாள், நன்றி சார் என்றாள். நான் காத்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

கத்தியிருக்கலாம். கத்தினால் நான் பதில் வைத்திருந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

குரியன் பிஸ்கட்டை நொறுக்கி ஒரு கேக் செய்தார். இரண்டு பேரும் ஜெபம் செய்தார்கள். நானும் ஸ்டான்சினும் தலை குனிந்து நின்றோம். அவள் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள், எனக்கும் அதே அளவு துண்டு. நாலு நாளாக என்னிடம் பேசுவது வேலைப் பேச்சு மட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. இதைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

தலைமையகத்துக்கு ஒரு கடிதம். தந்தையின் மறைவால் அவளுடைய மனநிலை சரியாக இல்லை, திரும்பி வந்ததும் ஆய்வு முடிவுகள் பற்றி அவள் எதைச் சொன்னாலும் அந்தப் பரிவோடு எடுத்துக்கொள்ளவும். பரிவோடு என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

விமானம் பதினொரு மணிக்கு. அவளுடைய பெட்டியை ஸ்டான்சின் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நான் தலைவன், வழியனுப்ப வேண்டியது முறை, கூட நடந்தேன். பாதி வழியில் நின்றாள். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டாள், மூக்கு நுனி உடனே வெளுத்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு காலைல நா ஃபைல் தந்தேன்லா. செய்தி அதுக்கு முன்னாலயே வந்திருச்சா, பொறவா?"

பிறகு என்றேன். உண்மை அதுதான், அதில் பொய் சொல்ல அவசியம் இல்லை.

தலையை ஆட்டினாள். எதையோ கூட்டிக் கழித்துச் சரிபார்த்த மாதிரி.

"அப்பம் நீங்க அத பிரிக்கவே இல்ல. பிரிச்சிருந்தா என்னய அனுப்பியிருப்பிய."

முகமூடியை ஏற்றிக்கொண்டு போய் ஏறினாள். இந்தத் தடவை யாரும் கை காட்டவில்லை. போன பிறகு பார்த்தால், என் கூடார வாசலில் அந்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது, பனித்துண்டோடு. கையோடு எடுத்துப் போக மறந்திருப்பாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

மேஜைக்கு அடியிலிருந்து ஃபைலை இழுத்தேன். தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது, வெந்நீர் விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அட்டையில் மேஜைக்காலின் வட்டம் பதிந்திருக்கிறது. உள்ளே ஒரு வரைபடமும் ஒன்றரைப் பக்கமும்தான்.

டாக்டர் சிவசைலம் இருபத்தொரு வருடம் முன்பு கண்ட காய்ந்த தரை உண்மையானது. அவர் அதைச் சரியாகவே படித்தார். சக்கரம் உறைந்து நின்றதால் தூரம் ஏழு கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. இது கருவியின் பிழை, ஆய்வாளரின் பிழை அல்ல. தெற்கே இப்போது கிடைத்திருப்பது அவர் அன்று கண்ட அதே இடம். அங்கே துளை போடப் பரிந்துரைக்கிறோம். அந்த இடத்துக்குச் சிவசைலம் புள்ளி என்று பெயர் வைக்கவும் பரிந்துரைக்கிறோம்.

கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடு. ஒன்றில் போட்டிருக்கிறாள், டிசம்பர் 11 என்று தேதியோடு. மற்றது காலி. ஓரத்தில் பென்சிலில்: "சார், நீங்க சொன்னதாவே போகட்டும். கையெழுத்து போட்டீங்கன்னா பதினஞ்சாம் தேதி பிளேன்ல அனுப்பிரலாம்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு ஸ்டான்சினைக் கூப்பிட்டு ரேடாரைக் கட்டச் சொன்னேன். முதலில் கம்படியில் நிறுத்தினோம். அளவை எவ்வளவு குறைத்தும் தரை பளிச்சென்றே வந்தது. பிறகு தெற்கே ஏழு கிலோமீட்டர். திரையில் தரை மங்கியது, அடுக்குகள் நேராயின, நடுவில் பாறை கொஞ்சம் திமில் மாதிரி எழுந்து தணிந்தது. அந்தத் திமிலை எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடம் முன்பு காகிதச் சுருளில் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன். ஸ்டான்சின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் இல்லை, திருப்பு என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் கூடாரமே ஆடுகிற மாதிரி இருந்தது, மேஜைதான். ஃபைலை மறுபடியும் அதே காலுக்கு வைத்தேன்.

அப்புறம் டம்ளரில் வெந்நீர் ஊற்றினேன். ஏன் என்று தெரியாது. படபடவென்று வெடித்தது, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. மூன்று நிமிடத்தில் வெறும் தண்ணீர்.

டிசம்பர் 31, புதன்

இரவெல்லாம் கணக்குப் போட்டேன், இரவு என்று இங்கே ஒன்று இல்லாவிட்டாலும். கப்பல் புறப்பட நாலு நாள் இருக்கிறது. ஒரு வரி சொன்னால் போதும், இடம் மாறிவிடும். துளை சரியான இடத்தில் விழும், பத்து லட்சம் வருடம் மேலே வரும், பெயர்கூட என்னுடையதாகவே இருக்கும். ஆனால் ஃபைலில் தேதி இருக்கிறது, பதிவேட்டில் நேரம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் செய்தியை ஏன் மறைத்தேன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

கம்படியில் ஐந்து வருடம் தோண்டுவார்கள். மூன்று கிலோமீட்டர் போய்த் தண்ணீரைத் தொடுவார்கள். அப்போது நான் ஊரில் ஓய்வில் இருப்பேன்.

எட்டு மணித் தொடர்பில் கரை நிலையம் கேட்டது. கப்பலில் சாமான் ஏற்றத் தொடங்குகிறார்கள், துளையிடும் இடத்தில் ஏதாவது மாற்றம் உண்டா, இதுதான் கடைசி என்றார்கள். ஸ்டான்சின் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றான், நேற்று திரையைப் பார்த்தவன்.

மாற்றம் இல்லை என்றேன்.

அவன் பதிவேட்டில் எழுதினான். காலை 8.14, மாற்றம் இல்லை. எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி, விரலால் கோட்டைக் காட்டினான். கையெழுத்துப் போட்டேன்.